கூலிக்கு அழுதவள் வீட்டுச் சாவு

பிராகோ அக்காவைப் பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "உங்க வாழ்க்கையில முக்கியமான கட்டங்கள் என்னென்ன?" அக்காவும் பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல வரிசையாகச் சொல்லுவார். முதல் நாடகம், தலைநகர் அக்ராவில் வாங்கிய விருது, கம்பெனி ஆரம்பித்தது, சொந்தமாகப் பஸ் வாங்கியது. கேட்கிறவனும் தலையாட்டிப் பதிவு செய்துகொண்டு போவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் பற்றிக்கொண்டு வரும். பேட்டியில் சொல்வது வேறு, பட்டது வேறு. அவர் கம்பெனியில் சேர்ந்த முதல் ஆள் நான்தான். பெயர் ஃபோரிவா. குமாசியில் கெஜெட்டியா சந்தையில் தக்காளி விற்றவள். என் வாய் நீளம் என்று ஊரில் பாதிப் பேர் சொல்லுவார்கள். மீதிப் பேர் இன்னும் என்னிடம் மாட்டவில்லை.

முதல் கட்டத்தை நான் சொல்கிறேன் கேளுங்கள். அக்கா அப்போது சந்தையில் எனக்கு எதிர் வரிசையில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தார். வாசல் வரி வசூலிக்கிறவன் ஒருநாள் வந்து நின்றதும், "ஐயோ, என் புருஷன் செத்துட்டானே, நான் எங்க போவேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு ஓலம் போட்டார் பாருங்கள், சந்தையே திரும்பிவிட்டது. வரிக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். செத்த புருஷன் அவருக்குப் பின்னாலேயே நின்று வறுத்த வாழைக்காய் தின்றுகொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த டிவிக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து, "அம்மா, நாளைக்கு எங்க படப்பிடிப்புக்கு வாங்க" என்று கூப்பிட்டார். அப்படித்தான் நடிகையானார். அந்தப் புருஷன் பிற்பாடு நிஜமாகவே போய்விட்டான். சாகவில்லை, இன்னொருத்தியோடு போனான். போகும்போது பாஃபோவுக்கு நடக்கக்கூடத் தெரியாது.

பாஃபோ அக்காவின் ஒரே பிள்ளை. பிறக்கும்போதே ரத்தத்தில் நோயோடு பிறந்தவன். எங்கள் பக்கம் பல வீட்டில் உள்ள நோய்தான். மழை பெய்தால் போதும், கொஞ்சம் அதிகமாக ஓடினால் போதும், எலும்பெல்லாம் முறித்துப் போடுகிற மாதிரி வலி வந்துவிடும். அந்த வலி வரும் ராத்திரிகளில் அக்கா அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு ஏதாவது கேலிக்கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டார். "நான் அழுதா அவன் பயந்துடுவான்டி. அம்மாவே அழுறாளே, அப்ப நாம சாகப்போறோம்னு நினைச்சுக்குவான்" என்பார். ஊருக்கெல்லாம் அழுத மகராசி வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே அந்தப் பிள்ளையை வளர்த்தார்.

டிவியில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஆற்றில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வேஷம். அந்தக் காட்சி வந்த அன்று எங்கள் தெருவில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிழங்கைப் போட்டு ஃபூஃபூ இடிக்கிற சத்தம்கூட நின்றுபோனது. ஆண்பிள்ளைகள்கூட மூக்கைச் சிந்தினார்கள். மறுநாள் சந்தைக்குள் அக்கா நுழைந்தபோது பெண்களெல்லாம் ஓடிவந்து, "உங்க பிள்ளை கிடைச்சானா?" என்று கேட்டார்கள். பாஃபோ இடுப்பில் இருந்தான். "இதோ இருக்கான்" என்று காட்டினார். அதற்கும் அழுதார்கள். அன்றிலிருந்து அவருக்குக் கண்ணீர் ராணி என்று பேர். அதற்கப்புறம் அழுகிற வேஷம்தான். கைம்பெண்ணா, கூப்பிடு பிராகோவை. மலடியா, கூப்பிடு பிராகோவை. அக்ராவில் கண்ணாடிப் பொம்மை ஒன்றை விருதென்று கொடுத்தார்கள். மேடையில் நன்றி சொல்லும்போதுகூட, "ஒரு தரம் அழுது காட்டுங்கம்மா" என்று கீழேயிருந்து கத்தினார்கள். அழுது காட்டினார். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இந்தியாவிலிருந்து அந்தத் தொடர்கள் வரும்வரை. நெற்றியில் பொட்டு வைத்த மாமியாரும் மருமகளும் எங்கள் சுவி மொழியில் சண்டை போட ஆரம்பித்தார்கள். குரல் மட்டும் எங்களுடையது, மற்றதெல்லாம் அவர்களுடையது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் இடி இடிக்கும், எல்லார் முகத்தையும் சுற்றிச்சுற்றிக் காட்டுவார்கள். ஊர் மொத்தமும் அதில் விழுந்தது. என்னைக் கேட்டால், நானும் விழுந்தவள்தான், பொய் சொல்வானேன். எங்கள் ஊர் நாடகத்தின் நேரத்தையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொள்ள, அக்கா மறுபடியும் கருவாட்டுக் கூடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். வாங்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள், கருவாடு வாங்கவில்லை. பாஃபோவின் மருந்து மட்டும் மாதாமாதம் வாங்கித்தானே ஆக வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஜெர்மனியிலிருந்து ஒருத்தர் தகப்பன் சாவுக்கு வந்தார். பெரிய பந்தல், பெரிய ஒலிபெருக்கி, ஊரே திரண்டு வரப்போகிறது. வீட்டில் அழத்தான் ஆளில்லை. கிழவருக்கு அத்தனை நல்ல பேர். அந்த ஜெர்மனிக்காரர் சந்தைக்கே வந்து அக்காவிடம், "நீங்க வந்து அழுதா எங்க குடும்பத்துக்குக் கௌரவம்" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். "போங்கக்கா, டிவியில பொய்ப் பிணத்துக்குத்தானே அழுதீங்க? இதாவது நிஜப் பிணம்" என்றேன். போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவர் அழுத அழுகையில் அந்தக் கிழவரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நல்லவர் என்று நம்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் சாவு வீட்டில் ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள் மனதைத் தொட்டால் வந்தவர்கள் நெற்றியில் ஒரு பண நோட்டை ஒட்டிவிட்டுப் போவது வழக்கம். அன்றைக்கு அக்காவின் நெற்றி வெறுமையாகவே இல்லை.

இப்படி ஆரம்பித்ததுதான் கம்பெனி. அட்டை அடித்தோம். கறுப்பும் சிவப்புமாகத் துக்கத்துணி எடுத்து ஒரே மாதிரி தைத்துக்கொண்டோம். அக்கா எங்களுக்குப் பாடமே நடத்தினார். நின்று அழுவது, நடந்துகொண்டே அழுவது, தரையில் புரண்டு அழுவது, எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. "தொண்டையில இருந்து அழாதீங்கடி, குரல் கட்டிக்கும். வயித்துல இருந்து எடுங்க. பேரைச் சொல்லி அழுங்க, இல்லாட்டி யாருக்கு அழுறோம்னு அவங்களுக்கே தெரியாது. நோட்டு ஒட்டினா உடனே முட்டி மடக்கி நன்றி சொல்லணும். அழுற சுதியில மறந்துடாதீங்க, மரியாதை போயிடும்." வியாபாரிகள் சங்கத்தில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். ரேடியோவில் பேசினார். பஸ்ஸில் அவர் கண்ணீர் முகத்தைப் பெரிதாக வரைந்து வைத்தோம். தெருப்பிள்ளைகள் அதைப் பார்த்ததும், "டேய், யாரோ செத்துட்டாங்க" என்று கத்துவார்கள். பாஃபோ காலேஜ் போகும்போது அந்த பஸ்ஸில் மட்டும் ஏறமாட்டான். "அம்மா, உன் மூஞ்சி இவ்வளவு அழுது நான் பாத்ததே இல்ல. யாரோ மாதிரி இருக்கு" என்பான்.

அவன் சொன்னது நிஜம். அவன் பார்த்ததே இல்லை.

போன மழைக்காலத்தில் அவனுக்கு வலி வந்தது. ஒவ்வொரு வருஷமும் வருவதுதானே என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அக்கா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, வரிக்காரனை ஏமாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் சிரிக்கப் பார்த்தான், நெஞ்சு வலித்தது. விடிவதற்குள் போய்விட்டான். நான் அலறிவிட்டேன். அக்கா அலறவில்லை. அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டார், போர்வையைச் சரிசெய்தார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபோரிவா, இவனுக்காக நான் ஒரு தரம்கூட அழுததில்லடி. இத்தனை வருஷமா அடக்கி அடக்கி வெச்சிருக்கேன். அவன் பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு தரம் நல்லா அழுதுடணும். அது போதும் எனக்கு."

"அழுங்கக்கா, இப்பவே அழுங்க" என்றேன்.

"இங்க வேணாம். நர்ஸுங்க எல்லாம் என்னையே பாக்குறாங்க." திரும்பிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தி படம் எடுக்கப் போனைத் தூக்கிவிட்டாள்.

எங்களுக்குப் பிள்ளை தாய்வழிக்குச் சொந்தம். அதனால் சாவுக் காரியத்தை நடத்துகிற பொறுப்பு அக்காவின் அண்ணன் அஜெனிமுக்கு. குடும்பத் தலைவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், ஆனால் கூட்டம் என்றால் அவருக்கு உயிர். ஆள் வராத சாவு நாய்ச் சாவு என்று நினைக்கிறவர். போஸ்டர் அடித்து ஊரெங்கும் ஒட்டிவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பாஃபோவின் படம் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. நடுவில் பெரிதாக அக்கா, ஆற்றங்கரையில் அழுகிற அந்தப் பழைய காட்சி. கீழே, 'கண்ணீர் ராணி தன் மகனுக்காக' என்று எழுதியிருந்தது.

அக்கா அதைக் கிழித்துக்கொண்டு போய் அண்ணன் முன்னால் போட்டார். "செத்தது யாருண்ணே? நானா, என் பிள்ளையா?"

"ஏன் கத்துற? உன் மூஞ்சியைப் போட்டாத்தான் ஜனம் வரும். உன் பிள்ளைய யாருக்குத் தெரியும்? அவனுக்குக் கூட்டம் சேரட்டும்னுதான் போட்டேன்."

"எனக்குக் கூட்டம் வேணாம். நான் அவன்கூட கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்."

"இருந்துக்கோ, யாரு வேணாங்கறா? காலையில வீட்டுல வெச்சிருக்கும்போது இருந்துக்கோ. பெட்டியை மூடினப்புறம் நீ வரக்கூடாது, தெரியுமில்ல? பெத்தவ பிள்ளையோட குழிக்குப் போகக்கூடாது. வாசலோட சரி."

அந்த வழக்கம் எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். பிள்ளையைப் புதைக்கிற இடத்துக்குத் தாய் தகப்பன் போனால் சாவு திரும்பிப் பார்க்கும் என்பார்கள். ஆக, பெட்டியை மூடும்வரை கிடைக்கிற நேரம்தான் அக்காவுக்கு. அதற்குள் அழுதுவிட வேண்டும்.

எங்கள் கம்பெனிப் பெண்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். "யாரும் ஓலம் போடக்கூடாது. வந்தவங்களுக்குத் தண்ணி குடுங்க, நாற்காலி போடுங்க. இது வேலை இல்ல, என் வீடு." நாங்கள் சரி என்றோம். அண்ணனிடமும் மைக் வைக்கக்கூடாது, போன் தூக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்தது. கூடத்தில் பித்தளைக் கட்டிலில் பாஃபோவைக் கிடத்தியிருந்தோம். விசேஷத்துக்கு உடுத்துகிற பல நிறக் கென்டே துணி போர்த்தி, காலேஜுக்குப் போட்டுப்போகும் கண்ணாடியையும் போட்டுவிட்டிருந்தார்கள். வாசல் கொள்ளாத கூட்டம். போஸ்டர் வேலையைக் காட்டிவிட்டது. கார் எடுத்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் உள்கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் பிள்ளையைப் பார்க்கவில்லை.

அக்கா வந்தார். கட்டிலின் பக்கத்தில் மண்டி போட்டார். முதலில் சத்தமே வரவில்லை. அவன் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அசிங்கமான சத்தம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த எதிலும் சேராத சத்தம். எத்தனையோ சாவு வீட்டில் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. பாஃபோ, பாஃபோ என்றுகூடச் சொல்லவில்லை. அவன் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது கூப்பிடும் ஏதோ ஒரு செல்லப் பேரை முனகினார். அப்பாடா, அழ ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன்.

வாசலில் ஒரு பொம்பளை, "ஏய், தொடர்ல பிள்ளை ஆத்துல போனப்ப அழுதாங்களே, அதே மாதிரி இருக்குடி!" என்றாள்.

"அதைவிட நல்லா இருக்கு" என்றாள் இன்னொருத்தி. போன்கள் எழும்பின.

நான் அவர்களை நோக்கிப் போவதற்குள் ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். தடி ஊன்றிய கிழவர். அவர் முகமெல்லாம் நிஜமாகவே கண்ணீர். பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மனசு தாங்காமல்தான் வந்தார். இடுப்புத் துணியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, குனிந்து, அக்காவின் நெற்றியில் ஒட்டினார். கண்ணீரும் வியர்வையும் இருந்த நெற்றி, உடனே ஒட்டிக்கொண்டது.

அக்கா நின்றுவிட்டார். அழுகை பாதியில் நின்றது. பிள்ளையின் கையைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து, கிழவர் பக்கம் திரும்பி, முட்டி மடக்கி, "நன்றிங்கய்யா" என்றார்.

அப்புறம் யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். வரிசையாக நோட்டோடு வர ஆரம்பித்தார்கள். அக்கா அங்கேயே நின்றுகொண்டு ஒவ்வொருவருக்கும் முட்டி மடக்கினார். கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. கால் மட்டும் மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

"வெளிய போங்கய்யா எல்லாரும்! இது என்ன, ஷூட்டிங்கா? பிள்ளை செத்துக் கிடக்கான், கண்ணு தெரியலையா?" என்று நான் கத்திக்கொண்டே ஆட்களைத் தள்ளினேன். அஜெனிம் என் தோளைப் பிடித்து, "மரியாதை பண்ண வந்தவங்களை அடிக்காதே ஃபோரிவா, குடும்ப மானம் போகுது" என்றார். அதற்குள் பெட்டி தூக்குகிறவர்கள் வந்து நின்றார்கள். நேரமாகிவிட்டதாம். கல்லறையில் போதகர் காத்திருக்கிறாராம்.

"அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் அக்கா.

"அதான் அழுதுட்டியேம்மா. ஊரே கலங்கிப் போச்சு. விடு, போகட்டும்."

மூடினார்கள். தூக்கினார்கள். அக்கா வாசல் வரை போனார், அங்கே இரண்டு கிழவிகள் குறுக்கே நின்று அவரைத் திருப்பி உள்ளே அனுப்பினார்கள். கூட்டம் மொத்தமும் பெட்டிக்குப் பின்னால் போனது. கூட்டத்தின் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்துபோனது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா வெறும் கட்டிலின் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை.

"ஃபோரிவா, அந்தப் பெரியவர்கிட்ட நான் என்னடி சொன்னேன்?"

கொண்டுவந்த தண்ணீரைக் கீழே வைத்தேன்.

"சொல்லுடி. எல்லாத்துக்கும் வாய் கிழியப் பேசுவியே."

"நன்றிங்கய்யான்னு சொன்னீங்க."

"முட்டி மடக்கினேனா?"

"ஆமாக்கா."

"என் பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கிட்டா?"

நானும் தரையில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லித்தான் எனக்குப் பழக்கம், கூலிக்கு எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா கட்டிலில் இருந்த பாயைத் தடவினார். "இப்ப அழறேன்" என்றார், யாரிடமோ அனுமதி கேட்பதுபோல. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். வயிற்றிலிருந்து குரல் எழும்பியது. நீளமான, அழகான, ஏறி இறங்குகிற ஓலம். ஆற்றங்கரையில் அழுதது, ஜெர்மனிக்காரரின் தகப்பனுக்கு அழுதது, ஊர்ஊராகப் போய் அழுதது. அவருக்கே அது கேட்டுவிட்டது. சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண் காய்ந்துதான் இருந்தது.

"வேற குரல் என்கிட்ட இல்லடி" என்றார். "ஒண்ணு இருந்துச்சு. காலையில வந்துச்சு. பாதியில விட்டுட்டேன்."

"மறுபடி வரும்க்கா. இன்னைக்கில்லாட்டி நாளைக்கு வரும்."

"அவன் அதுவரைக்கும் இருக்க மாட்டானே. இந்நேரம் மண்ணு போட்டிருப்பாங்க." பிறகு என் கையைப் பிடித்தார். வேலை கேட்டு வருகிறவர்கள் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தார். "நீ அழு, ஃபோரிவா. எனக்கு வரல. என் பிள்ளைக்கு நீ அழேன்."

நான் அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.